ஒரு நாள் முன்னால்

விளக்குக் கம்பத்துக்குக் கும்பிடு போடுகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சின்னவள் அன்று காலையில் பார்த்தாள்.

பட்டறைச் சந்தின் முனையில் ஏணி வைத்த லாரி ஒன்று நின்றது. மேலே ஒருவன் செத்துப்போன பழைய விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தான். கீழே நம் தொகுதியின் இப்போதைய சட்டசபை உறுப்பினர், வாயெல்லாம் பல்லாக, கூப்பிய கை கூப்பியபடி நின்றிருந்தார். எதிரே ஆள் இல்லாவிட்டாலும் அந்தக் கை பிரியாது. ஊரே அவருக்குக் ‘கும்பிடு’ என்று பேர் வைத்ததில் தப்பே இல்லை.

“அம்மா, பார்த்தீங்களா? கேட்டீங்க, வந்துட்டேன்!” என்று மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தியைப் பார்த்துக் கத்தினார்.

சின்னவள் இரும்புக்கடைப் படியோரமாக ஒதுங்கி, முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். அவள் வைத்த பொறி அது. எலி விழவே கூடாது என்று வேண்டிக்கொண்டு வைத்த பொறி.

வாராவாரம் நம்மோடு கூடவே வருகிறவர்களுக்கு இது புரிந்திருக்கும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னவளுடைய அக்கா இந்தத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறாள். ஊரில் அவளுக்குச் சாவியக்கா என்று பேர். ஒரு காலத்தில் தையல் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தவள். அங்கே பெண்கள் கழிப்பறையின் சாவி சூப்பர்வைசர் சட்டைப்பையில் இருக்கும். ஒவ்வொருத்தியும் போய் நின்று, பல்லைக் காட்டி, கெஞ்சிக் கேட்டால்தான் கிடைக்கும். ஒருநாள் அக்கா நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். “நாளைக்குக் காலையில எங்கள்ல ஒருத்திகூட மெஷின்ல உக்கார மாட்டா. இன்னைக்கே சொல்லிட்டேன். அப்புறம் திடீர்னு பண்ணிட்டீங்கன்னு பேசக்கூடாது” என்றாள். சாயங்காலத்துக்குள் சாவி கழிப்பறைக் கதவோரம் ஆணியில் தொங்கியது. அக்காவுக்கு வேலை போயிற்று. பேர் நிலைத்துவிட்டது.

அன்றையிலிருந்து அவளுக்கு இதே வேலைதான். தண்ணீர் வராத தெருவில் பெண்களைக் கூட்டி உட்கார வைப்பாள். ராவோடு ராவாகக் காலி பண்ணச் சொன்ன வீட்டுச் சொந்தக்காரரின் வாசலில் குடித்தனக்காரர்களோடு போய் நிற்பாள். கல்யாணம் காட்சி என்று தனக்கென ஒன்று வைத்துக்கொள்ளவில்லை. தங்கை வீட்டில் ஓர் அறை, அடுப்படி மேஜையில் ஒரு நாற்காலி, அவ்வளவுதான் அவள் சொத்து. பெண்களெல்லாம் சேர்ந்து பிடித்துத் தள்ளித்தான் தேர்தலில் நிறுத்தினார்கள். அந்தத் தள்ளலில் பெரிய கை சின்னவளுடையது.

எந்தத் தெருவுக்குப் போவது, எதைப் பேசுவது என்பதெல்லாம் அந்த அடுப்படி மேஜையில்தான் முடிவாகும். உட்காருகிறவர்கள் மூன்றே பேர். அக்கா, சின்னவள், சின்னவளின் புருஷன். அவர் சரக்கு வேன் ஓட்டுகிறவர், ஊருக்கு வேன்காரர். தேர்தல் வந்ததிலிருந்து அவருடைய வேனில் சரக்கு ஏறவில்லை, ஒலிபெருக்கிதான் ஏறியிருக்கிறது.

இவ்வளவு கமுக்கமாகத் திட்டம் போட்டும், கொஞ்ச நாளாக ஒரு வினோதம் நடந்தது. இவர்கள் சலவைத் தெருவில் சாக்கடையைப் பற்றிப் பேசப் போனால், முந்தின நாளே கும்பிடு வந்து அடைப்பை எடுத்துவிட்டுப் போயிருப்பார். பஸ் நிறுத்தத்துக்குக் கூரை கேட்கப் போனால், புதுத் தகடு பளபளக்கும். “அதான் நேத்தே பண்ணிட்டாங்களே, உங்களுக்கு எதுக்கு ஓட்டு?” என்று ஒரு பெண் முகத்துக்கு நேரே கேட்டுக் கதவைச் சாத்தினாள்.

அக்கா மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. “சாக்கடை ஓடுதில்ல? அது போதும்” என்றாள். வேட்பாளர் பேசுகிற பேச்சா இது?

இந்த நேரம் பார்த்து, கூடவே வேலை செய்கிற பட்டன்காரி, அதாவது தையல் கம்பெனியில் பட்டன் வைக்கிறவள், சின்னவளின் காதில் ஒன்றைப் போட்டாள். “தப்பா நினைக்காதே. உன் வீட்டுக்காரர் கும்பிடுவோட பி.ஏ. கூட உக்காந்து டீ குடிச்சதைப் பார்த்தேன்.”

சின்னவள் வீட்டுக்குப் போய், “இன்னைக்கு எங்க போனீங்க?” என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள். “டயருக்குக் காத்தடிக்கப் போனேன்” என்றார் வேன்காரர். டீயைப் பற்றி மூச்சு விடவில்லை.

சந்தேகக் கோடு, அது சந்தோஷக் கேடு என்பார்கள். அந்தக் கோடு அன்று விழுந்தது. நேற்று அவள் பெண்களிடமெல்லாம் நாளைக்குச் சந்தைத் தெரு என்று சொன்னாள். புருஷனிடம் மட்டும், “பட்டறைச் சந்து. முனையில எரியாத விளக்கு இருக்கில்ல, அதைப் பத்தித்தான் பேசப்போறோம்” என்றாள். அக்காவிடமும் அதையேதான் சொன்னாள். மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்காருகிற வீட்டில் அவளிடம் மட்டும் வேறு தெருவைச் சொன்னால் குட்டு உடைந்துவிடாதா?

இதோ, பொழுது விடிந்ததும் பட்டறைச் சந்தில் ஏணி நிற்கிறது.

புது விளக்கு பட்டப்பகலில் ஒருமுறை எரிந்து அணைந்தது. நாலு பேர் கை தட்டினார்கள். சின்னவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

தேர்தல் ஆபீஸ் என்று பேர்தான் பெரிது. சைக்கிள் கடையாக இருந்த இடம். சுவரில் இன்னும் கிரீஸ் கறை போகவில்லை. வாசலில் வேன்காரர் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். வாயில் ஏதோ பழைய பாட்டின் முணுமுணுப்பு.

பாட்டு வேறயா என்று சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எங்க போயிட்ட காலங்காத்தால? டீ வாங்கி வெச்சேன், ஆறிப்போச்சு” என்றார்.

“டீ குடிக்கிறதுல உங்களுக்கு என்ன குறைச்சல்? ஊர்ல எல்லார் கூடவும்தான் குடிக்கிறீங்க.”

தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டார். “என்ன ஆச்சு?”

“பி.ஏ. கூட டீ குடிச்சீங்களா இல்லையா?”

அவர் முகம் ஒரு நொடி மாறியது. அந்த ஒரு நொடியைத்தான் சின்னவள் பிடித்துக்கொண்டாள். மடியில் கனம் இல்லாவிட்டால் முகம் ஏன் மாற வேண்டும்?

“குடிச்சேன்.”

“ஏன் சொல்லலை?”

“சொல்ற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்ல. தேர்தல் முடியறவரைக்கும் வண்டியை அவங்களுக்கு ஓட்டச் சொல்லிக் கேட்டான். முடியாதுன்னுட்டு வந்துட்டேன். உன்கிட்ட சொன்னா மனசைப் போட்டு உழப்பிக்குவே. இப்பவே தூங்கறதில்ல நீ.”

“அடடா! என்ன ஒரு அக்கறை!” சின்னவள் குரல் தெருவுக்கே கேட்டது. உள்ளே துண்டுப் பிரசுரம் மடித்துக்கொண்டிருந்த பட்டன்காரியும் மற்றப் பெண்களும் மடிப்பதை நிறுத்தினார்கள். “பட்டறைச் சந்துன்னு நேத்து உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். இன்னைக்கு அங்க விளக்கு மாத்தறான். இதுக்கு என்ன சொல்றீங்க?”

வேன்காரருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

“என்னைப் பிடிக்கிறதுக்குப் பொய் சொன்னியா?”

“ஆமா. மாட்டிக்கிட்டீங்கல்ல?”

“நான் சொல்லலை.”

“பின்னே அந்த விளக்கே நடந்து போய்ச் சொல்லுச்சா?”

“நான் சொல்லலைன்னு சொல்றேன்.” குரலை உயர்த்தாமல் சொன்னார். “இத்தனை வருஷம் கூட இருந்திருக்கே. இது போதாதா உனக்கு?”

போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அட, வாயை மூடிக்கொண்டு உள்ளேயாவது போயிருக்கலாம். நம் சின்னவளுக்கு அந்தப் பாழாய்ப்போன நாக்கு என்றைக்கு அடங்கியிருக்கிறது?

“எங்க அக்கா ஜாமீன் போட்டு வாங்கிக் கொடுத்த வண்டி இது. இதுலயே உக்காந்துக்கிட்டு எங்க அக்காவை எவ்வளவுக்கு வித்தீங்க?”

தெருவில் போன சைக்கிள்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

வேன்காரர் வேனின் பின்கதவைத் திறந்தார். டூல் பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்தார். வேனின் மேல் ஏறி, ஒலிபெருக்கிக் கூம்புகளை ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். கீழே இறக்கி, வயர்களைச் சுற்றி, மைக்கை அதன் மேல் வைத்து, ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் வைத்தார். வண்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த அக்காவின் படத்தை மட்டும் கிழிக்க மனம் வராமல், ஓரத்தை நகத்தால் மெல்லக் கிளப்பி, முழுசாக உரித்து, பட்டன்காரியிடம் கொடுத்தார். பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

“சரியாப் போச்சு” என்றாள் பட்டன்காரி. எது சரியாய்ப் போச்சு என்று சொல்லவில்லை.

மத்தியானம்வரை சின்னவள் பேய் பிடித்த மாதிரி வேலை பார்த்தாள். வீடுகளுக்குப் போகிற பெண்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து அனுப்பினாள். ஒருத்தி பேசுவாள், இன்னொருத்தி வீட்டில் இருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பாள். அதுதான் அக்கா பழக்கிய முறை. முதலில் குறையைக் கேள், ஓட்டைக் கடைசியில் கேள் என்பது இன்னொன்று. ஒவ்வொரு ஜோடியாகப் போவதைப் பார்க்கப் பார்க்க, எந்த முகத்தை நம்புவது என்ற கேள்விதான் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவேளை பட்டன்காரியே பொய் சொல்லியிருந்தால்? இல்லையே, டீ குடித்ததை அவரே ஒப்புக்கொண்டாரே. வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். வருகிற சம்பாத்தியத்தை வேண்டாம் என்று சொல்கிறவன் உலகத்தில் உண்டா? நெருப்பில்லாமல் புகையுமா?

அக்காவிடம் சொல்லியாக வேண்டும். இதுவரை அவளிடம் இந்தச் சந்தேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வேட்பாளர் மனசில் கலக்கம் கூடாது என்று மறைத்து வைத்திருந்தாள். இனிமேல் முடியாது.

அக்கா ஆபீஸின் பின்பக்கம், பழைய டியூப்கள் தொங்கும் சின்ன அறையில் இருந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. போனில் பேசும் குரல் வெளியே கேட்டது.

“...பார்த்துட்டுத்தான் வந்தேன், புது விளக்கு போட்டுட்டீங்க. ரொம்ப நன்றிங்க. அடுத்தது பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி. மூடி இல்லாத குழி ஒண்ணு கிடக்குது. நாங்க நாளைக்கு அங்க வர்றோம், சொல்லிட்டேன். அதுக்குள்ள மூடிட்டீங்கன்னா பிள்ளைங்களுக்கு நல்லது.”

சின்னவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அக்கா திரும்பினாள். “என்னடி, அப்படிப் பார்க்கறே?”

“போன்ல யாரு?”

“பி.ஏ.”

ஏதோ பால்காரரோடு பேசினேன் என்பதுபோல் சொன்னாள். ஒளிவு இல்லை, மறைவு இல்லை.

“நீதான் சொல்றியா? ஒவ்வொரு தெருவையும் நீதான் சொன்னியா?”

“ஆமா. ஒரு நாள் முன்னாடி சொல்லிடுவேன். என்னைக்கும் செய்யறதுதானே? சொல்லாம போய் நின்னா சண்டைதான் நடக்கும். சொல்லிட்டுப் போனா வேலை நடக்கும்.”

“அது போராட்டம்! இது எலெக்‌ஷன்! அவன் உன் எதிராளி!”

“எதிராளியா இருந்தாலும் அவன் கையிலதானே ஏணி இருக்கு?” அக்கா பக்கத்திலிருந்த ஸ்டூலைத் தள்ளி, உட்காரச் சொன்னாள். சின்னவள் உட்காரவில்லை. “கேளு. அந்த விளக்குக்காக நாம எத்தனை மனு கொடுத்தோம்? ஒரு நாய் திரும்பிப் பார்த்துச்சா? இப்ப ஒரு போன். மறுநாள் வந்துடறான். எலெக்‌ஷன் நேரத்துலதான்டி அவங்களுக்குக் காது கேக்கும். முடிஞ்சா திரும்ப அடைச்சுக்கும். கேக்கற நேரத்துல சொல்லாம விடறது பாவம் இல்லையா? ராத்திரி வேலை முடிஞ்சு அந்தச் சந்துல வர்ற பொண்ணுங்ககிட்ட, நான் ஜெயிக்கிற வரைக்கும் இருட்டுல நடங்கன்னு சொல்லவா?”

ஒவ்வொரு வார்த்தையும் நியாயமாக இருந்தது. நியாயமாக இருப்பதுதான் சின்னவளின் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா விட்டிருப்பியா? வீட்டையே ரெண்டாக்கி இருப்பே.”

“நாங்க வெயில்ல நாயா அலையறோம். வாசல் வாசலாப் போய் மூக்குடைஞ்சு வர்றோம். நீ ஒரு போன்ல எல்லாத்தையும் தூக்கிக் கொடுத்துடறே. அக்கா, உண்மையைச் சொல்லு. அவன் உனக்கு ஏதாவது வாக்குக் கொடுத்திருக்கானா? தோத்துடறேன்னு ஏதாவது பேசி வெச்சிருக்கியா?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. காலையில் புருஷன், மத்தியானம் அக்கா. ஒரே நாளில் வீட்டில் எல்லாரையும் கூண்டில் ஏற்றியாகிவிட்டது.

அக்காவின் முகம் சுருங்கியது. “நீயாடி இதைக் கேக்கறே?”

“ஜெயிக்கணும்னு ஆசை இருக்கா, இல்லையா? அதையாவது சொல்லு.”

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். “மாப்பிள்ளை எங்க? வண்டி வாசல்ல இல்லையே?” என்று பேச்சை மாற்றினாள்.

அப்போதுதான் சின்னவளுக்குப் புருஷன் நினைவு வந்தது. ஐயோ, அவர்! அக்காவின் போன் பேச்சில் அவரை மறந்தே போய்விட்டாள். தட்டுத்தடுமாறி நடந்ததைச் சொன்னாள். எவ்வளவுக்கு வித்தீங்க என்று கேட்டதையும் விடாமல் சொன்னாள்.

“அடிப்பாவி!” அக்கா எழுந்துவிட்டாள். “மாப்பிள்ளையையா? அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தா அப்படிக் கேட்டே? போ. முதல்ல போய்க் கூட்டிட்டு வா. நான் எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன், நான்தான்னு. நான் சொல்லிக்கறேன், நீ போ!”

கூப்பிட்டால் வேன்காரர் போனை எடுக்கவில்லை. வேன்கள் நிற்கிற இடத்துக்கு ஓடினாள். அங்கே இருந்த டிரைவர் ஒருவர் பல் குத்திக்கொண்டே, “அவரா? கும்பிடு ஆபீசுக்குள்ள வண்டி போனதைப் பார்த்தேனே. உங்களுக்குத் தெரியாதா?” என்றார். கேட்ட தொனியில் கொஞ்சம் இனிப்பு இருந்தது.

கும்பிடுவின் ஆபீஸ் பெரிய சுற்றுச்சுவர் கட்டிடம். முற்றத்தில் பந்தல், பந்தலடியில் நாற்காலிகள், ஓரமாகக் கொடி கட்டிய வண்டிகள். அந்த வரிசையின் கடைசியில் அவர்கள் வீட்டு வேன் நின்றது. மேலே இரண்டு ஆட்கள் புது ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேன்காரர் கீழே நின்று கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தார்.

சின்னவள் வெட்கம் மானம் பார்க்காமல் உள்ளே நுழைந்தாள்.

“என்னங்க.”

அவர் திரும்பினார். கயிற்றை விடவில்லை.

“தப்பு என் மேலதாங்க. நீங்க இல்ல. அக்காதான் சொல்லியிருக்கா, அவளே ஒத்துக்கிட்டா. வாங்க, வீட்டுக்குப் போகலாம்.”

“அண்ணியா?” அவருக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. பிறகு மெல்லச் சிரித்தார். “செய்யறவங்கதான். அவங்களுக்கு ஊர் வேலை நடந்தா போதும்.”

“உங்களைப் போய் அப்படிக் கேட்டுட்டேனே! நாக்கை அறுத்துப் போடணும். மன்னிச்சுக்கோங்க.”

“ஒண்ணு கேக்கறேன். பதில் சொல்லு.” அவர் கயிற்றைக் கம்பியில் சுற்றி முடிச்சுப் போட்டார். “அண்ணின்னு தெரிஞ்சதால வந்தியா? இல்ல, நான் செய்யமாட்டேன்னு தோணி வந்தியா?”

செய்யமாட்டீங்கன்னு தோணித்தான் வந்தேன் என்று சின்னவள் பொய் சொல்லலாம். நேற்றுதான் ஒரு பொய் சொல்லிப் பொறி வைத்தாள், இரண்டாவது பொய்க்கு அவள் நாக்கு எழவில்லை.

“அந்தப் போன் உன் காதுல விழாம இருந்திருந்தா, இந்நேரம் நான் உனக்குத் திருடன்தானே?”

“என்னங்க...”

“வேணாம்னு சொன்னப்ப நீ நம்பலை. அப்ப வேணாம்னு சொல்லி என்ன பிரயோஜனம்? ஓட்டம் இல்லாம வண்டி நிக்குது. ஓட்டறேன். கோபத்துல பேசறேன்னு நினைக்காதே. வீட்டுக்கு வருவேன். எப்பன்னு தெரியலை.”

இதற்குள் பந்தலிலிருந்து கும்பிடு பார்த்துவிட்டார். கூப்பிய கையோடு, முகம் மலர, கிட்டத்தட்ட ஓடியே வந்தார். பின்னாலேயே பி.ஏ.வும், தோளில் கேமரா தொங்க ஓர் ஆளும்.

“வாம்மா, வாம்மா! மாப்பிள்ளை வந்தாரு, இப்ப நீயும் வந்துட்டே. இது உன் வீடு மாதிரி. உக்காரு!”

“நான் எதுக்கும் வரலை. இவரைக் கூப்பிடத்தான்...”

கேமரா கண்ணை அடித்தது. ஒருதரம் இல்லை, பல தரம். கூப்பிய கையோடு கும்பிடு, எதிரே சின்னவள், பின்னணியில் கொடி கட்டிய அவள் வீட்டு வேன். சொல்லிவைத்து எடுத்தாற்போல வந்திருக்கும். வேன்காரர் நடுவில் புகுந்து, “ஐயா, அவளை விட்டுடுங்க” என்றார். அதையும் எடுத்தார்கள்.

சின்னவள் வெளியே ஓடிவந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

இந்தக் காலத்தில் மனிதர்கள் போய்ச் சேருவதற்குள் படம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சின்னவள் பொழுது சாயும் நேரத்துக்குச் சைக்கிள் கடைக்குத் திரும்பியபோது, வீடு வீடாகப் போன பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். உள்ளே ஒரே கசமுசா. அவள் வாசலில் செருப்பைக் கழற்றியதும் அது நின்றது.

பட்டன்காரி கையில் போனோடு எழுந்தாள். படத்தை அவள் முகத்துக்கு எதிரே நீட்டினாள்.

“இது நீதானே?”

“நான்தான். ஆனா நீங்க நினைக்கிற மாதிரி...”

“நாங்க என்ன நினைக்கிறோம்னு உனக்கு எப்படித் தெரியும்?” பட்டன்காரியின் குரல் நடுங்கியது. கோபத்தைவிட அழுகை அதிகம் இருந்தது அதில். “உள்ளேர்ந்து யாரோ சொல்றாங்க, சொல்றாங்கன்னு நீதான் எங்களை ஒவ்வொருத்தியாச் சந்தேகமாப் பார்த்தே. நேத்து எங்ககிட்ட சந்தைத் தெருன்னு சொன்னே. விளக்கு பட்டறைச் சந்துல எரியுது. எங்களுக்குத் தெரியாத சந்து அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? காலையில புருஷனை எல்லார் முன்னாடியும் திட்டி அனுப்பறே, சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து அங்க நிக்கறீங்க. நல்ல நாடகம்!”

“புள்ளைக்குக் காய்ச்சல்னுகூடப் பார்க்காம வந்தேனே” என்று பின்னாலிருந்து ஒருத்தி விம்மினாள்.

“சொல்லும்மா. நீதானா?” பட்டன்காரி கேட்டாள்.

ஒரு வார்த்தை போதும். ‘அக்காதான்’ என்று சொன்னால் முடிந்துவிடும். சின்னவள் சொல்லமாட்டாள். அவள் வாயால் சொன்னால், மாட்டிக்கொண்டதும் அக்கா மேல் பழியைப் போடுகிறாள் என்பார்கள். அதற்கு அவசியமும் இல்லை. அக்காவே எல்லார் முன்னாடியும் சொல்லிவிடுகிறேன் என்றாளே. நான்தான் என்று அவள் வாயால் சொன்னால் இந்தப் பெண்கள் கோபப்படுவார்கள், பிறகு விளக்கு எரிந்ததே என்று சிரிப்பார்கள். அக்காவை யாரால் வெறுக்க முடியும்?

பின்னறைக் கதவு திறந்தது. அக்கா வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

சின்னவளுக்கு உயிர் வந்தது. ‘சொல்லுக்கா’ என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

அக்கா அந்தப் பெண்களைப் பார்த்தாள். வெயிலில் கறுத்த முகங்களை, தேய்ந்த செருப்புகளை, மூலையில் அவள் படம் போட்டு அடுக்கியிருந்த துண்டுப் பிரசுரங்களைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேனேஜருக்கும் அதிகாரிக்கும் முன்னால் ஒருநாளும் தயங்காதவள், முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். சுவரில் மின்விசிறி கடகடவென்று ஓடியது.

“சரி, எல்லாரும் களைச்சுப் போயிருக்கீங்க” என்றாள் கடைசியில். “டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க. இதையெல்லாம் நாளைக்குப் பேசிக்கலாம்.”

அதைச் சொல்லும்போது அவள் தங்கையின் பக்கம் திரும்பவே இல்லை.